மனோராவைப் பார்த்தா ஏன் அழுகை வர்றதில்ல?

[காட்சி: மல்லிப்பட்டினம் கடற்கரை. தென்னைகளுக்கு மேல மனோரா.]

பட்டுக்கோட்டைக்குத் தெற்க, கடலோரத்துல நிக்குது மனோரா. அறுகோணம், எட்டு அடுக்கு, 75 அடி. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டினது. நெப்போலியன் போனபார்ட்டை வாட்டர்லூ போர்ல ஜெயிச்சதுக்காகன்னு சொல்லுவாங்க. ஆனா கல்வெட்டுல வருஷம் 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன்ல. ஆங்கிலேயர் வெற்றிக்கும் போனபார்ட் வீழ்ச்சிக்கும் நட்டதுன்னுதான் கல்லு சொல்லுது. அதுல மன்னர் பேர் இருக்கு, தோத்தவர் பேர் இருக்கு. செத்த சிப்பாய் ஒருத்தன் பேரும் இல்ல. அண்ணாந்து பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம், கிளம்பிடுறோம்.

[காட்சி: நடுகல், கிட்டத்துல.]

நடுகல் வேற கணக்கு. 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்' நட்டாங்கன்னு அகநானூறு சொல்லுது. அதர்னா வழி. நடந்து போறவன் கண்ணுக்கு நேரா, கைக்கு எட்டுற உயரத்துல பேர்.

[காட்சி: வாஷிங்டன், வியட்நாம் போர் நினைவுச் சுவர்.]

1982-ல திறந்த இந்தச் சுவரை வடிவமைச்சப்போ மாயா லின்னுக்கு 21 வயசு, மாணவி. கறுப்புக் கிரானைட் போனது பெங்களூர்ப் பக்கத்துலேருந்து. ஓரத்துல சுவர் எட்டு அங்குலம்தான். நடக்க நடக்கப் பாதை இறங்கும், நடுவுல பத்தடிச் சுவர் தலைக்கு மேல போயிடும். காவிரிப் படித்துறையில இறங்கினா தெருச் சத்தம் அடங்குமே, அதே வேலைதான். 58,000-க்கு மேல பேர்கள், அகரவரிசையில இல்ல, செத்த வரிசையில. ஒரே நாள்ல விழுந்தவங்க பக்கத்துப் பக்கத்துல இருப்பாங்க. எழுத்து அரை அங்குலம். படிக்கணும்னா கிட்டப் போகணும். போனா, பாலிஷ் கல்லுல அந்தப் பேர் மேல நம்ம முகம் தெரியும்.

[காட்சி: உளி, கறுப்புக் கல்.]

நம்ம ஊர்ல பேர்க்கல் வைக்கிறவங்களுக்கு: தமிழுக்கு அரை அங்குலம் பத்தாது. 'ண', 'ணை' சுழிக்குள்ள இருக்கிற துணுக்கு தெறிச்சிடும், புள்ளி தூர்ந்துடும். ஒரு அங்குலமாவது வேணும். பெயிண்ட் வேண்டாம், உப்புக்காத்துல உரிஞ்சிடும். பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லை வெட்டினாலே எழுத்து சாம்பல் நிறத்துல தானாத் தெரியும்.

டெல்டா களிமண்ணு மழையில ஊதும், கோடையில வெடிக்கும். மேலாகக் குழி வெட்டி நட்டா கொஞ்ச வருஷத்துலயே கல்லு சாயும். வெடிப்பு போற ஆழத்துக்கும் கீழ வெட்டி, மணல் கொட்டி, தண்ணி விட்டு இறுக்கி, அதுக்கு மேல கான்கிரீட்.

பலகைக் கல்லைச் சுவர்ல பிடிக்க இரும்புக் கொக்கி போடவே போடாதீங்க. துரு ஏறினா இரும்பு பருக்கும், கல்லு மூலையில பிளக்கும். கடலோரம்னா எஸ்.எஸ். 316 போடுங்க, உப்புக்காத்தைத் தாங்குற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம் அது. பழைய சுண்ணாம்புக் கட்டடமா இருந்தா சிமெண்ட் பூச்சும் ஆகாது. ஈரமும் உப்பும் உள்ளயே அடைபட்டு, செங்கல் பொடியாக் கொட்டும்.

உளி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் பேரையும் அதே அளவுல பேப்பர்ல எழுதி, அந்தந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. ரெக்கார்டுல 'கலியமூர்த்தி'ன்னு இருக்கும். அவங்க அம்மா வேற 'லி' சொல்லுவாங்க.