பாலக்காட்டுக் காற்றும் போர்தோ கூழாங்கல்லும்

(காட்சி: தொண்டாமுத்தூர் பக்கம், கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல்)

வணக்கமுங்க. நம் கோவைத் திராட்சையையும் பிரான்சின் போர்தோ திராட்சையையும் இன்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தப் பந்தலடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. ஆடியில் அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழை, இங்கே சாரலும் காற்றுமாகத்தான் வந்து சேரும். வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கோவையில் 700 தாண்டினாலே நல்ல வருஷம். அதிலும் பாதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது.

மலையில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் திறந்து கிடக்கிறது. அந்த வழியாக வருகிற ஈரத்தில் பொள்ளாச்சிக்கு ஒரு பங்கு கிடைத்துவிடும்; தென்னை நிற்கிறது. காங்கேயம் போய்ச் சேரும்போது காற்றுதான் மிச்சம். சரளை மண், கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும். உழுது பயனில்லை என்று மாட்டுக்கே விட்ட கொறங்காடு அது.

(காட்சி: கூழாங்கல் தரையில் குட்டைக் கொடிகள்)

சரி, இது பிரான்சில் ஒயின் திராட்சை விளைகிற போர்தோ. காரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் ஒன்றாகி ஜிரோந்து கழிமுகமாக அட்லாண்டிக்கில் சேர்கின்றன. இடது கரையில், மெதோக் பக்கம், ஆறு கொண்டுவந்து போட்ட கூழாங்கல். தண்ணீர் நிற்காது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி விடும். பொழுது சாய்ந்தபின் நம்மூர்ப் பாறையில் உட்கார்ந்தால் சுடுமே, அதேதான். தாமதமாகப் பழுக்கிற கேபர்னே சோவினியோன் என்ற திராட்சை ரகத்துக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில் பொமெரோல் பக்கம் களிமண். ஈரம் பிடித்துக் குளிர்ந்தே கிடக்கும். அங்கே சீக்கிரம் பழுக்கிற மெர்லோ ரகம்.

பெரும்பாலும் இரண்டையும் கலந்துதான் ஒயின் செய்கிறார்கள். பூக்கும்போது மழை பிடித்து ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். நம் ஆட்கள் சோளத்தோடு தட்டைப்பயறும் விதைக்கிற யோசனைதான்.

ஒன்று சொன்னால் நம் விவசாயிக்குச் சிரிப்பு வரும். ஒயினுக்கு வளமான வண்டலைவிட மெலிந்த மண்ணே மேல். கொழுத்த மண்ணில் கொடி இலையாக ஓடிவிடும், பழத்தில் சாரம் ஏறாது. இங்கே பன்னீர் திராட்சை கிலோக்கணக்கில் தின்னப் போகிற பழம். அதனால் எருவும் தண்ணீரும் தாராளம்.

ஆனால் பெரிய வித்தியாசம் குளிர்தான். போர்தோவில் கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும். துளிர்த்தபின் உறைபனி விழுந்தால் தொலைந்தது. 2017 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் பலருக்கு விளைச்சல் போனது. நம் கொடிக்குத் தூக்கமே இல்லை. கிளையை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தரி பட்ட நாள்தான் அதற்கு வருஷப் பிறப்பு. அதிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம். பழுத்த குலை ஐப்பசி மழையில் மாட்டினால் தோல் வெடித்துவிடும். அதனால் மழையிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணித்தான் கத்தரியை எடுக்கிறார்கள்.