கரண்ட் இல்லாத வீட்டில் 90 வோல்ட்! அந்தக் காலத்து ரேடியோ எதில் ஓடியது?

வணக்கம் மக்களே! மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், 1940-களின் கடைசி என்று வைத்துக்கொள்வோம். தெருவில் மின் கம்பம் இல்லை, வீட்டில் மீட்டர் இல்லை. ஆனால் கூடத்து அலமாரியில், தொட்டால் கையை உதறவைக்கும் 90 வோல்ட் இருக்கிறது. பக்கத்தில் ரேடியோ பாடுகிறது. எங்கிருந்து வந்தது அந்த 90 வோல்ட்?

முதலில் வரலாற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மேட்டூர் அணை 1934. அங்கே மின் உற்பத்தி 1937. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16. டவுன்களுக்கு முதலில் கம்பி போனது, பெரும்பாலான கிராமங்களுக்கு 1950, 60-களில்தான். அதுவரை காவிரிக்காரர்களுக்கு மேட்டூரிலிருந்து தண்ணீர் மட்டும்தான். கரண்டை உறிஞ்சிக்கொண்டு சக்கைத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள் என்ற பழைய ஜோக்கைக் கேட்டிருப்பீர்கள்.

(திரையில்: அரிக்கேன், பெட்ரோமாக்ஸ்)

வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய். அன்றாடம் சிமினி, அரிக்கேன். கல்யாணம், திருவிழா என்றால் பெட்ரோமாக்ஸ். அதில் எரிகிற துணிப் பை இருக்கிறதே, மேண்டில், அதைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்து போய்விடும். மிஞ்சுவது தோரியம் ஆக்ஸைடு, கூடவே கொஞ்சம் சீரியம். அந்தச் சாம்பல் கூடுதான் வெள்ளையாக ஒளிவிடும். தோரியம் லேசான கதிரியக்கப் பொருள். அது கிடைக்கிற மோனசைட் மணல் நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலைமேல் தூக்கிப்போன விளக்குக்குள் அணு விஞ்ஞானம்!

சரி, ரேடியோ. எனக்குப் பிடித்த இடம் இதுதான், ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள்.

பழைய வால்வு ரேடியோவுக்கு ஒரு பேட்டரி போதாது, மூன்று வேண்டும். வால்வு என்றால் சின்னக் கண்ணாடி பல்பு மாதிரி இருக்கும், சிக்னலைப் பெரிதாக்குகிற பாகம். ஏன் மூன்று என்பதை மதகை வைத்துச் சொன்னால் டெல்டாக்காரர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வருகிறது. லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடுகிற பாசன ஊழியர், வந்து மதகுப் பலகையைக் கொஞ்சம் ஏற்றுகிறார், கொஞ்சம் இறக்குகிறார். அவர் கை அசைவது சிறிது, கீழே தண்ணீர் மாறுவது பெரிது. வால்வு செய்கிற வேலையும் இதுதான். ஏரியல் கம்பியில் வருகிற நொய்ந்த சிக்னல் பலகையை அசைக்கிறது. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர்தான் நாம் தேடிய 90 வோல்ட். 'ஹெச்.டி. பேட்டரி' என்பார்கள், ஹை டென்ஷன், அதாவது உயர் வோல்ட் பேட்டரி. அட்டைப் பெட்டியைப் பிரித்தால் ஒன்றரை வோல்ட் செல்கள் 60, வரிசையாகக் கோத்து, மேலே தார் ஊற்றி அடைத்திருக்கும்.

இரண்டாவது பேட்டரி வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பியைச் சூடாக்க. சூடானால்தான் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீரே வரும். இதற்கு 2 வோல்ட் போதும். மூன்றாவது, பலகையைப் பாதி இறக்கியே நிறுத்திவைக்கிற பேட்டரி, 9 வோல்ட் மாதிரி. அதிலிருந்து கரண்ட் ஏறக்குறைய செலவே ஆகாது, சும்மா காவல் நிற்கும். அது செத்துவிட்டால் பலகை முழுக்கத் திறந்துகொள்ளும். விலை கூடின 90 வோல்ட் பெட்டி மளமளவென்று காலியாகும். மூன்றில் மலிவானதுதான் மற்றதைக் காப்பாற்றியது, பார்த்தீர்களா?

இணைப்பு கொடுக்கும்போது கை தவறி 90 வோல்ட்டை அந்த 2 வோல்ட் கம்பியில் வைத்தால் கதை முடிந்தது. எல்லா வால்வும் ஒரே நொடியில் காலி. வீட்டில் ரேடியோவைத் தொட ஒருவருக்கு மட்டும் உரிமை இருந்தது கௌரவத்துக்காக மட்டும் இல்லை!

90 வோல்ட் பெட்டி தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். 2 வோல்ட் மட்டும் ஆசிட் பேட்டரி: கண்ணாடி ஜாடி, உள்ளே ஈயத் தகடு. காலியானால் டவுனுக்குப் பஸ் ஏறும். சார்ஜ் கடையில் வரிசையாக அடுக்கிக் கம்பி கொடுத்து, மிதவை போட்டு ஆசிட்டின் அடர்த்தி பார்த்துத்தான் திருப்பித் தருவார்கள். வழியில் பஸ் குலுங்கி ஆசிட் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வேட்டியைத் துவைத்துப் பிழியும்போதுதான் ஓட்டை ஓட்டையாக வரும். சோம்பேறித்தனமாகக் காலி பேட்டரியை மாதக்கணக்கில் மூலையில் போட்டால் தகடு வெள்ளை பூத்துப்போகும், அப்புறம் சார்ஜே ஏறாது. அதனால் நினைத்த நேரமெல்லாம் ரேடியோ போட முடியாது. செய்தி, கச்சேரி, அவ்வளவுதான், நிறுத்து.

பிறகு கார் பேட்டரி 6 வோல்ட்டில் ஓடும் வைப்ரேட்டர் ரேடியோக்களும் வந்தன. உள்ளே ஒரு தகடு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து கரண்டை வெட்டி வெட்டி விட, டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தும். 90 வோல்ட் பெட்டிச் செலவு மிச்சம், உர்ர்ர் சத்தம் இலவசம்.

இதற்கெல்லாம் முடிவு கட்டியது டிரான்சிஸ்டர், வால்வின் வேலையைச் செய்கிற குட்டிப் பாகம். 1947-ல் கண்டுபிடிப்பு, 1954-ல் அமெரிக்காவில் முதல் ரேடியோ. சூடாக்க வேண்டியது இல்லை, 90 வோல்ட் வேண்டாம். நாலு டார்ச் செல்லில் ரேடியோ களத்து மேட்டுக்கே வந்துவிட்டது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது திருச்சி வானொலி அதைப் பற்றி அவ்வளவு பேசியது, தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று பேட்டரி ரேடியோவே நீடித்திருந்தால் இந்தப் பெயர் கிடைத்திருக்காது என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் சண்டைக்கு வாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ இருந்தால் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய ஆசிட் பேட்டரியும் கூட இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வேட்டி கதை சொன்னேன் இல்லையா!