சுண்ணக்கல்லும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் தரைத்தோற்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் எப்போதும் மலைநாட்டில்தான் தொடங்கும். நானும் அங்கே தொடங்குகிறேன், ஆனால் அதிக நேரம் நிற்கமாட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியது வடக்கே இருக்கிறது.

தீவின் பத்தில் ஒன்பது பங்கு பழம்பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறி இறுகிய பாறை. நடுவே அது மலையாக எழுந்து பிதுருதலாகலையில் 2524 மீட்டரைத் தொடுகிறது. அங்கிருந்து ஆறுகள் நாலாபக்கமும் இறங்குகின்றன. அவற்றில் நீளமான மகாவலி 335 கிலோமீட்டர் வளைந்து ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டின் தென்விளிம்போ சட்டென்று அறுந்து நிற்கிறது. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற இடத்தில் காலடியில் எண்ணூறு மீட்டருக்கும் மேற்பட்ட பள்ளம். பார்க்க விரும்பினால் விடியவே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மூடுபனியும் ஏறிவிடும்.

மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் மழை. யாழ்ப்பாணத்துக்கு அதில் கால்வாசிதான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றும் புழுதியும்தான். மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. பிறகு எப்படி வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைகின்றன?

கல் வேறு, அதுதான் காரணம். மயோசீன் காலத்தில், அதாவது ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடலடியில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து உண்டான சுண்ணக்கல் மேல்தான் யாழ்ப்பாணக் குடாநாடு இருக்கிறது. மழைநீரில் சிறிது கரியமிலவாயு கரைந்திருக்கும்; அந்த இலேசான புளிப்பே இந்தக் கல்லைக் கரைக்கப் போதும். வெடிப்பு குகையாகும். அவற்றில் தேங்கும் மழைநீர்தான் கிணறுகளில் ஊறுகிறது. சில இடங்களில் குகையின் கூரை ஒருநாள் இடிந்து விழும். புத்தூர் நிலாவரை அப்படி உண்டான பள்ளம். சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள்: சுற்றிலும் தோட்டங்கள் காய்ந்து கிடக்க, செங்குத்தான கல்லுக்கு நடுவே கருநீலமாகத் தண்ணீர். அதில் எலுமிச்சம்பழம் போட்டால் வடகரையில் உள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பழத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் மேலே நன்னீர், ஆழம் போகப்போக உவர்நீர் என்பது அளந்து பார்த்த உண்மை.

ஏனென்றால் குடாநாட்டின் நன்னீர், கல்லுக்குள் ஊடுருவிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கணக்கை மறுபக்கம் போடுங்கள். மேல்மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 9 மீட்டர் ஏறிவரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு திரும்ப ஊற அவகாசம் இருந்தது. நீர் இறைக்கும் மெசின் வந்தபின் அந்த அவகாசம் இல்லை. கரையோரக் கிணறுகள் பல உப்பேறிச் சவராகிப் போனதில் எனக்கு வியப்பே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லின் மேலிருக்கும் செம்பாட்டு மண், அதாவது செம்மண், பல இடங்களில் மெல்லியது. தோட்டத்தில் போடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் வடிகட்டப்படாமலே வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது இதனால்தான்.

1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் ஒரு திட்டம் வரைந்தார். ஆனையிறவு நீரேரியில் மழைநீரைத் தேக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலைத் தடுப்பது. நல்ல திட்டம், இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை. அது வரும்போது வரட்டும். ஊர்க்குளங்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கவே வெட்டப்பட்டவை. அவற்றைக் குப்பை போட்டு நிரவிக் கடை கட்டுவதை நிறுத்த, எந்தக் கால்வாய்க்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாரிக்கு முன்பே உங்கள் ஊர்க்குளத்தைத் தூர்வாரிவிடலாம்.

வணக்கம்.