இரண்டு புள்ளியைக் கொடுத்து ஆட்டத்தை வாங்கிய வினேஷ்

(காட்சி: தேவனாம்பட்டினம் கடற்கரை, காலை. மணலில் கயிறு பிடித்து வரைந்த பெரிய வட்டம்.)

வணக்கம்! 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் மல்யுத்தம், 50 கிலோ பிரிவு, முதல் சுற்று. எதிரே ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோவில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றவர். சர்வதேசக் களத்தில் அதுவரை தோல்வியே அறியாதவர். கடைசிச் சில நொடிகள் வரை 0-2 என்று பின்தங்கியிருந்த வினேஷ் போகாட், 3-2 என்று வென்றார். எப்படி?

விதிகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு பாதி. எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்கினால் 2 புள்ளி. 10 புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. களம் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். நான் மணலில் வரைந்திருப்பதும் அதே அளவுதான். குறுக்கே பன்னிரண்டு எட்டு வைத்தால் தீர்ந்துவிடுகிறது. ஒளிய இடமே இல்லை.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடலூர்ப் பக்கம் கபடி தெரியாத பிள்ளை உண்டா? தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை' ரெய்டு. 30 நொடிக்குள் புள்ளி எடுக்காவிட்டால் ஆள் அவுட். மல்யுத்தத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். தாக்காமல் நின்றால் நடுவர் முதலில் எச்சரிப்பார். பிறகு 30 நொடி கெடு. அதற்குள் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. சுசாகி எடுத்த இரண்டு புள்ளியும் இப்படி வந்தவைதான்! அவர் கைகள் காலைத் தேடி வரும்போதெல்லாம் வினேஷின் கைகள் குறுக்கே நின்றன.

கணக்கைப் பாருங்கள். கெடு தவறினால் போவது 1. அவசரப்பட்டுப் பாய்ந்து காலைக் கொடுத்துவிட்டால் 2. அதோடு நிற்காது. கீழே விழுந்தவரின் கணுக்கால்களைப் பின்னிப் பிடித்து உருட்டினால் ஒவ்வொரு உருட்டுக்கும் இன்னும் 2. நான்கே உருட்டில் பத்து! சின்ன நட்டத்தை ஏற்றுப் பெரிய நட்டத்தைத் தடுத்த இந்தப் பொறுமையைத்தான் நான் வீரம் என்பேன்.

கடைசி நொடிகளில் வினேஷ் பாய்ந்தார், சுசாகி கீழே. 2-2. சமநிலையில் ஒரே பிடியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கே முன்னுரிமை, அது வினேஷ். ஜப்பான் தரப்பு மறுபரிசீலனை கேட்டுத் தோற்றது. அதற்கும் ஒரு புள்ளி.

மறுநாள் 100 கிராம் எடை கூடியதால் தகுதிநீக்கம். அந்த 100 கிராமைப் பேசிய அளவுக்கு இந்த ஆறு நிமிடத்தை நாம் பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ரியோவில் 0-5 என்ற நிலையிலிருந்து 8-5 என்று வென்று வெண்கலம் எடுத்த சாக்‌ஷி மாலிக்கின் ஆட்டத்தையும் இதே மணலில் வரைந்து காட்டட்டுமா? கபடி ஆடும் தங்கைகளே, நீங்கள் முதலில் எழுதுங்கள்.