நட்பு நாவலில் அஞ்சுகிறவன்

(காரைக்குடியில் இலக்கிய அன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நட்பை வைத்து நாவல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். இரண்டு நண்பர்களில் ஒருவனைத் தீரனாக்கி, மற்றவனைக் கோழை என்று முதல் அத்தியாயத்திலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள். இவன் எப்போது கைவிடுவான் என்று வாசகர் அப்போதே கணித்துவிடுவார். அஞ்சுகிறவனுக்கு நண்பன்மேல் மெய்யான அன்பு இருக்க வேண்டும். அன்பே இல்லாதவன் ஓடிப்போனால் அதில் யாருக்கு என்ன நட்டம்?

1939 முதல் கம்பனுக்கு விழா எடுக்கும் ஊர் இது. அவனிடமிருந்தே தொடங்குகிறேன். சுக்கிரீவனைப் பாருங்கள். இராம இலக்குவரைத் தொலைவில் கண்டதுமே, வாலி ஏவிய ஆட்கள் என்று எண்ணி மலைக்குகைக்குள் ஓடுகிறான். நட்புக் கொண்ட பிறகும் ஐயம் தீரவில்லை. மராமரத்தைத் துளைத்துக் காட்டச் சொல்கிறான். இராமன் அம்பு ஏழு மரங்களையும் துளைத்த பிறகே நம்புகிறான். வாலியிடம் முதல் மோதலில் அடிபட்டு வந்து, இராமன் அடையாளம் காணக் கொடிப்பூ சூடிக்கொண்டு மறுபடி போகிறான். அரசு கைக்கு வந்ததும் மதுவில் கிடந்து, சொன்ன தவணையை மறக்கிறான். அதே சுக்கிரீவன்தான் பின்னால் இராவணனைக் கண்டதும் யாரையும் கேளாமல் தனியே பாய்ந்து, அவன் மகுட மணிகளைப் பறித்து வந்து இராமன் காலடியில் வைக்கிறான்.

இதைக் கோழை திருந்திய கதையாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். முதலில் ஓடியபோதும் அவன் யோசிக்கவில்லை, கடைசியில் பாய்ந்தபோதும் யோசிக்கவில்லை. ஒரே பதற்றந்தான் அங்கே அச்சமாகவும் இங்கே துணிவாகவும் வருகிறது. நட்பு அந்தப் பதற்றத்தை மாற்றவில்லை, அதன் திசையை மாற்றியது. அதனால்தான் இராமனும் அவனைப் பாராட்டிவிட்டு நிற்காமல், உனக்கு ஒன்று நேர்ந்திருந்தால் என் கதி என்ன என்று கடிந்துகொள்கிறான்.

குகனின் துணிவு வேறு வகை. பரதன் படை கங்கைக் கரைக்கு வந்ததும், "தோழமை என்றவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ" என்று வில்லெடுத்தவன் அவன். ஆனால் எதிர்க்கரையில் பரதனின் கோலத்தைப் பார்த்ததும், "எம்பெருமான் பின்பிறந்தார் இழைப்பரோ பிழைப்பு" என்று தன் கணிப்பையே திருத்திக்கொள்கிறான். போருக்குக் கிளப்பிவிட்ட சொந்தப் படை பின்னால் நிற்க, நான் எண்ணியது தவறு என்று ஒப்புவது, வில்லை எடுப்பதைவிடக் கடினம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நகரத்தார் கடல்கடந்து கொண்டுவிற்கப் போன காலத்து ரங்கூன் கிட்டங்கி ஒன்றைக் களமாக வையுங்கள். பல வட்டிக்கடைகள் சேர்ந்து இயங்கிய கட்டடம் அது. ஒரே கூடம், கடைக்கொரு பெட்டி, ஒருவர் இருமினால்கூட எல்லாருக்கும் கேட்கும். சாத்தப்பன் மேலாள், முதலாளிக்காகக் கடையை நடத்துகிறவன். வயிரவன் அவனுக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாள். இருவரும் ஒன்றாகப் பெட்டியடியில் வேலை பழகும் பையன்களாக இருந்து வளர்ந்தவர்கள். ஒரு புரோநோட்டுக்கு (கடன் பத்திரத்துக்கு) மூன்று ஆண்டு நெருங்குகிறது. அதற்குள் ஒரு வரவை நோட்டின் முதுகில் எழுதிக் கடன்காரரிடம் கையெழுத்து வாங்கினால் கெடு புதிதாகும். விட்டால் வழக்குக்கு நிற்காது. சாத்தப்பன் வயிரவனை அனுப்புகிறான். அந்த வீட்டில் ஒரு சாவு. கையெழுத்துக் கேட்க நா எழாமல் திரும்பிவிடுகிறான். அதைச் சாத்தப்பனிடம் சொல்லவும் இல்லை. கெடு தாண்டிவிடுகிறது.

முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வந்தவர் கூடத்தின் நடுவில் வைத்துச் சாத்தப்பனைக் கேட்கிறார். வயிரவன் தலை நிமிராமல், ஏற்கெனவே கூட்டி முடித்த பத்தியை மறுபடி மேலிருந்து கூட்டுகிறான். அவ்வளவு போதும். இங்கே மூன்று பக்கம் குற்ற உணர்ச்சியை எழுதினால் காட்சி செத்துவிடும். தன்னையே அப்படி ஆராயத் தெரிந்தவன் வாய்திறந்திருப்பானே என்று வாசகர் கேட்பார்.

அவன் கோழைத்தனத்தின் வேர் தாட்சண்யம். இழவு வீட்டில் கடனைக் கேட்காதது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைத்தான் நாற்பது ஐம்பது பக்கம் முன்னாலேயே நாம் விரும்பும்படி காட்டியிருக்க வேண்டும். அவன் இழக்கப்போவதையும் சொல்லிவிட வேண்டும்: மூன்று வருஷ வேலைத் தவணையின் கணக்கில் கறை விழுந்தால் அடுத்த சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்) எந்தக் கடையிலும் எழுத மாட்டார்கள். விலை தெரியாவிட்டால், பேசியிருந்தால் அது எவ்வளவு பெரிய துணிவு என்பதும் தெரியாது.

அடுத்த சறுக்கல் சாத்தப்பனிடம். உண்மை தெரிந்தும் ஒன்றும் கேளாமல் மன்னிக்கிற பெருந்தன்மையை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்கிறார் வள்ளுவர். கேளாமல் மன்னித்தால் சாத்தப்பனும் தாட்சண்யத்துக்குள் ஒளிந்துகொண்டவனே. அன்றிரவு அவன் இடித்துக் கேட்கிற காட்சியை விடாமல் எழுதுங்கள். போர்க்களத்தில் கீழே தள்ளிவிடும் பழகாத குதிரையைப் போன்ற உறவைவிடத் தனிமை மேல் என்ற 814ஆம் குறளைச் சாத்தப்பன் அந்த இரவில் நினைத்தால் தவறில்லை. நினைத்துவிட்டும் அவனோடு ஒரே பாயில் படுக்கிறானா என்பதில்தான் அவன் யாரென்று தெரியும்.

முடிவு பற்றி ஒன்று. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கிட்டங்கிக் கதை எழுதுகிறவருக்கு இது பெரிய சபலம். வயிரவன் நண்பனைத் தள்ளிக் காப்பாற்றித் தான் மாண்டான் என்று முடித்துவிடத் தோன்றும். அந்தக் கணத்தில் அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உடம்பு பாய்ந்தது, அவ்வளவுதான். நண்பனுக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. கையெழுத்து வாங்காமல் திரும்பியவன் நான்தான் என்று முதலாளிக்குத் தன் பெயரில் அவன் எழுதும் கடிதம், குண்டு விழுவதற்குச் சில வாரம் முன்னாலேயே கப்பலேறியிருக்க வேண்டும். பதில் சாதகமாக வந்ததா, சீட்டுக் கிழிந்ததா என்பதை உங்கள் நாவல் தீர்மானிக்கட்டும்.