ஏட்டுச் சுரைக்காயும் மாலை நாலரை மணியும்

(திருகோணமலையில் பாடசாலை ஒன்றின் சுகாதாரக் கழக விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வருகை தந்திருக்கும் பெருமக்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, விகாராதிபதி தேரர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, ஒன்றரை மணித்தியாலமாக அசையாமல் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். முன்பொரு தடவை இதே மண்டபத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை விளிக்க மறந்துவிட்டேன். அன்றிலிருந்து மீன் சந்தையில் என்னைக் கண்டால் அவர் சூடை மீனைத்தான் உற்றுப் பார்க்கிறார். இன்று முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இனிமேல் கொஞ்சம் என்னையும் பாருங்கள்.

பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் நன்றி. உப்புவெளிப் பக்கம் காற்று நின்றுபோன இந்த வைகாசி வெயிலில் பொன்னாடை போர்த்துவதும் ஒருவகை உடற்பயிற்சிதான். அதை வாங்கிய காசுக்கு ஒரு கரப்பந்து வாங்கலாம் என்று நினைத்தேன்; சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

இன்று நான்கு விடயங்களைப் பேச வந்தேன். ஒன்று, காலைச் சாப்பாடு. இரண்டு, சிற்றுண்டிச்சாலை. மூன்று, விளையாட்டு. நான்கு, உறக்கம். அதற்கிடையில் மேடையிலேயே ஐந்தாவது விடயம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. விருந்தினர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சோடாப் போத்தல், இரண்டு ரோல்ஸ். சுகாதாரக் கழக விழா! உபசரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. விருந்தினருக்குச் சோடா கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நாங்கள்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

நான் கணித ஆசிரியன். போத்தலைக் கண்டால் எண்ணைத்தான் பார்ப்பேன். 2016 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்பைக் கண்டால் கொஞ்சம் தயங்குகிறோம். செம்மஞ்சள்தானே என்று மற்றதைக் குடித்துவிடுகிறோம். 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் உள்ள செம்மஞ்சள் போத்தல் ஒன்றை எடுங்கள். 400 மில்லிலீற்றருக்கு 32 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் எட்டுக் கரண்டி. வீட்டில் அம்மா தேநீருக்கு எட்டுக் கரண்டி சீனி போட்டால் ஊரைக் கூட்டிவிடுவோம்.

இந்த நிறங்களைப் பிள்ளைகள் அறியாதவர்களா? கேட்டுப் பாருங்கள், ஒப்புவிப்பார்கள். சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடமே இருக்கிறது. புரதம், மாப்பொருள், உயிர்ச்சத்து எல்லாம் வினாத்தாளில் முழுப் புள்ளி. இடைவேளை மணி அடித்ததும் அந்தப் புத்தகத்தின் மேலேயே ரோல்ஸை வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லுவேன், பழகியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. நல்ல சுற்றறிக்கை. அது மதிலுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகிறது. மதிலுக்கு வெளியே பத்து அடியில் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. உள்ளே அவித்த கௌபி கிண்ணத்தோடு ஆறிக் கிடக்க, வெளியே செக்கச்செவேல் என்று பொரியல் போகிறது. தம்பலகாமத்து நெல்லும் மூதூர்த் தயிரும் கிண்ணியா மீனும் ஒரு மணித்தியாலத் தூரத்தில் கிடைக்கும் ஊரில் நம் பிள்ளையின் பசி பொலித்தீன் பைக்குள் தீர்கிறது. அவித்த கடலைக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கொடுத்தால் பிள்ளை ஏன் வேண்டாம் என்னப் போகிறது? சுவையில்லாமல் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் நல்லதைச் சாப்பிடுகிறார்கள் இல்லை என்று அறிக்கை எழுதுகிறோம். சரி, சாப்பாடு இதோடு நிற்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள் எனக்குப் பின் பேசுவார். அவர் பங்கையும் நான் தின்னக்கூடாது.

இப்பொழுது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். நான் சேவையில் இருந்த காலத்தில் உடற்கல்விப் பாடவேளைகளைத் திருடியவன். திருட்டு என்று அன்று சொல்லமாட்டோம், 'கடன்' என்போம். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை தரம் எட்டுக்கு உடற்கல்வி. உடற்கல்வி ஆசிரியர் தங்கமான மனிதர். "சேர், பின்னம் முடியவில்லை" என்பேன். "எடுங்கள் சேர்" என்பார். இரண்டு தவணை இப்படிப் போனது.

ஒரு வியாழன், பாலையூற்றிலிருந்து வரும் பையன் ஒருவன், கடைசி வாங்கில் இருப்பவன், எழுந்தான். "சேர், இன்றைக்குப் பரப்பளவுதானே? கிளித்தட்டு விளையாடும் கட்டத்தின் பரப்பளவைக் கண்டுபிடித்தால் என்ன?" நல்ல யோசனைதானே! செயல்முறைக் கல்வி என்று எனக்கும் ஒரு பெருமிதம். புள்ளிப் பதிவேட்டையும் அடிமட்டத்தையும் தூக்கிக்கொண்டு வகுப்பே மைதானத்துக்கு இறங்கியது. சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், அளந்தார்கள், நான் நீளத்தை அகலத்தால் பெருக்கி நிமிர்ந்தேன். சுற்றிவரப் பார்த்தால் இரண்டு அணி பிரிந்தாகிவிட்டது. "சேர்தான் கிளி!"

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிளி என்றால் நடுக்கோட்டில் ஓட வேண்டும், குறுக்கே பாய்பவனைத் தொட வேண்டும். மூன்று தடவை ஓடினேன். நாலாவது தடவை செருப்பின் வார் அறுந்தது. ஐந்தாவது தடவை நான் விழுந்தேன். மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்க்கிறேன், நெஞ்சு உலைபோலக் கொதிக்கிறது, மேலே அதிபரின் முகம் தெரிகிறது. "என்ன மாஸ்டர், பாடம் நடக்கிறதா?" "பரப்பளவு சேர்" என்றேன்.

இன்னும் முடியவில்லை. நம் நகரத்து மான்களை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீதியில் நம்மை விட உரிமையோடு நடப்பவை. அன்று ஒன்று மதிலோரம் வந்து, நான் வைத்துவிட்டுப் போன புள்ளிப் பதிவேட்டை ஆற அமர மென்றுகொண்டிருந்தது. தரம் எட்டின் இரண்டாம் தவணை முழுவதும் அதன் வயிற்றுக்குள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏடு மட்டும் மானுக்கு உதவியது!

அடுத்த பரீட்சையில் அந்த வகுப்பு கணிதத்தில் அள்ளிக் குவித்தது என்று முடித்தால் இன்னும் பலமாகக் கைதட்டுவீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் வழக்கமான புள்ளிதான் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எனக்குத்தான் சீனி வருத்தம் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கிவிடுகிறேன்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு 420 நிமிடம். உடற்கல்விக்கு 40 நிமிடப் பாடவேளை மூன்று என்று தாராளமாகவே கணக்கு வைப்போம். என்னைப் போன்ற கணித ஆசிரியர் யாரும் கடன் கேட்கவில்லை என்றும் வைப்போம். 120. மிச்சம் 300 நிமிடத்தைப் பிள்ளை எங்கே தேடும்? மாலையில்தான். மாலையில் பிள்ளை எங்கே? தனியார் வகுப்பில். இரண்டரைக்கு ஒன்று, நாலரைக்கு இன்னொன்று. புலமைப்பரிசில் வருடம் என்றால் பத்து வயதுக் குழந்தைக்கும் இதே கதி. வெறும் மைதானத்தில் மாடு மேய்கிறது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்தால் அடுத்த தை மாதம் வரைக்கும் அவர்கள் ஓடுவதை யாரும் காண முடியாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் உண்டு.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தரம் ஒன்பது வரையான பிள்ளைகளுக்கு, கிழமை நாட்களில் மாலை நாலரையிலிருந்து ஆறு வரை எந்தத் தனியார் வகுப்பும் நடக்கக்கூடாது. பாடசாலை மைதானங்களின் கேற்றுகள் அந்த நேரம் திறந்திருக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் ஐந்து நாள் என்றால் 450 நிமிடம். கடன் 300 போக, 150 கையிருப்பு. காசு செலவில்லாத திட்டம். பணிப்பாளர் அவர்களே, கட்டடம் கேட்கவில்லை, ஆளணி கேட்கவில்லை, ஒரு திறப்பைத்தான் கேட்கிறேன்.

வாழ்க்கைப்பாடு என்று தனியார் வகுப்பு ஆசிரியர்கள் சொல்வது எனக்கு விளங்கும். நானும் பதினான்கு வருடம் வகுப்பு நடத்தியவன்தான். நாலரை வகுப்பை ஆறரைக்குத் தள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன், மூடச் சொல்லவில்லை. ஆறரைக்குப் பிள்ளை தூங்கிவழியும் என்பீர்கள். அது என் நான்காவது விடயம், அதற்கு இன்று நேரமில்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறது. இந்தக் கோரிக்கையை எழுதிய மகஜர் அங்கே இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். இதுவரை 212 கையொப்பம். மேடையில் இருப்பவர்களுக்குப் பிரதி ஒன்றை இங்கேயே கொண்டுவருவேன், நீங்கள் எழுந்து நடக்க வேண்டியதில்லை. இல்லை, நடந்தே வாருங்கள். முன்வரிசை அதிபர் ஐயா முதலில் வருவார் என்று எதிர்பார்க்கிறேன். இந்தச் சோடாவை யாராவது எடுத்துவிட்டு எனக்கு ஒரு குவளை தண்ணீர் தாருங்கள். நன்றி, வணக்கம்.