நலமாக இருப்பவர்களிடம் எச்.டி.எல்.வி-1 கணக்கெடுப்பு

அவையோருக்கு வணக்கம்.

எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ் உடம்பில் புகுந்தால் போகாது. ஆனாலும் பெரும்பாலோரை ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து, டி-செல் என்னும் வெள்ளணுக்களில் ரத்தப் புற்றுநோய் வருகிறது. ஆகவே நோயாளிகளை எண்ணினால் பரவல் தெரியாது. நலமாக நடமாடுபவர்களின் ரத்தம் வேண்டும்.

யாருடைய ரத்தம்? கைக்கு எளிதாகக் கிடைப்பது ரத்த தானம் செய்தவர்களுடையது. ஜப்பானில் அதை 1986 முதல் சோதிக்கிறார்கள். 2006, 2007 ஆண்டுகளில் முதன்முறை கொடுத்த சுமார் 12 லட்சம் பேரில் தொற்று உறுதியானது 3,787 பேருக்கு. ஆயிரத்துக்கு மூன்று. ஆனால் அதே தரவை வைத்து நாடு முழுமைக்கும் போட்ட மதிப்பீடு சுமார் 10.8 லட்சம் பேர், அதாவது ஆயிரத்துக்கு எட்டுக்கும் மேல்! கணக்குப் பிழை இல்லை. முதன்முறை வருபவர்களில் இளைஞர்களே அதிகம். தொற்றோ வயது ஏற ஏறக் கூடுகிறது, பெண்களிடம் மிகுதி, நாட்டின் தென்மேற்கிலுள்ள கியூஷூ, ஒகினாவா பக்கம் குவிந்திருக்கிறது. வயது, பால், ஊர் என்று பிரித்து மக்கள்தொகையோடு பொருத்திய பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. பழைய கொடையாளர்களைச் சேர்த்தால் இன்னும் குறையும். தொற்றுள்ளவர்கள் அங்கே முன்பே கழிக்கப்பட்டிருப்பார்கள்.

அடுத்தது சோதனை. தொற்று ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று வையுங்கள். தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் நல்ல எலைசா (வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் முதல் சோதனை) கூட, அந்த ஒருவரோடு ஐந்து பேரைத் தவறாகப் பிடித்துத் தரும். முதல் சோதனையோடு நிறுத்திய ஆய்வு ஆறு மடங்கு மிகைப்படுத்தும். ஆகவே வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிச் சோதனை வேண்டும்; அதில் வைரஸின் உறை புரதமான ஜிபி46-க்கும், உட்புரதங்களான பி19, பி24 ஆகியவற்றில் ஒன்றுக்காவதும் கோடு தெரிய வேண்டும். உட்புரதக் கோடு மட்டும் வந்தால் அது 'முடிவு தெரியாதது'. மலேரியா மிகுந்த வெப்பமண்டல ஊர்களில் இது ஏராளம். அதைத் தொற்றில் சேர்த்தது பழைய ஆய்வுகள் சிலவற்றின் குற்றம்.

அந்த ஐயத்தைத் தீர்க்க, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உறையாமல் வைத்த ரத்தமுள்ள சோதனைக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்துப் பாருங்கள்: மேலே மஞ்சள் பிளாஸ்மா, கீழே சிவப்பு, நடுவே காகிதக் கனத்தில் வெளிறிய ஒரு படலம். வெள்ளணுக்கள் அதில் இருக்கின்றன; வைரஸின் மரபணுவும் அவற்றுக்குள்தான். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) மட்டும் குளிரூட்டிச் சேமித்துவிட்டால் பிறகு தேட எதுவும் இருக்காது. ரத்தம் எடுக்கும்போதே, அது உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இட்ட குழாய் ஒன்று தனியாக வேண்டும். ஹெபாரின் என்ற மற்றோர் உறைதடுப்பு இட்ட குழாய் பி.சி.ஆரையே தடுக்கும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 300 பேரைச் சோதித்து ஒருவருக்கும் இல்லை என்றால் 'இவ்வூரில் இல்லை' என்று எழுதாதீர்கள். நூற்றுக்கு ஒருவர் வரை இருக்கலாம் என்பதே அதன் பொருள்.